தள்ளுவண்டியிடம் பேசிய மாமனார்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை சாயங்காலம் மேலாளர் முர்ரே ஒரு முக்காலியில் ஏறி, மூன்றாம் வரிசையின் தலைக்கு மேல் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டுப் போனார் அல்லவா? அது வெள்ளிக்கிழமை காலையிலும் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் வரிசை வசிதியுடையது.

மஞ்சள் துணி என்றால் கடைசி இடம். அந்தத் தீவு நாட்டின் நாந்தி விமான நிலையத்தை ஒட்டிய அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் மொத்தம் மூன்று வரிசைகள். வரிசைக்குப் பதினான்கு பேர். விமானத்தில் ஏறும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி, தள்ளுவண்டிகளில் ஏற்றி அனுப்புவது வேலை. வெள்ளிக்கிழமை வேலை முடியும்போது துணி எந்த வரிசையின் மேல் இருக்கிறதோ அந்தக் குழு கலைக்கப்படும் என்று முர்ரே அறிவித்துவிட்டார். பதினான்கு பேரும் ஆளுக்கொரு மூலைக்குப் போக வேண்டும். குழுத்தலைவி வசிதி பழையபடி பாத்திரம் கழுவும் அறைக்கு. ஆறு வருஷம் அந்த நீராவியில் வெந்தவள் அவள். தலைவி என்ற அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு மூன்று மாதம்தான் ஆகிறது.

வரிசை ஏன் பின்தங்குகிறது என்று முர்ரேவுக்குப் புரியவில்லை. வசிதிக்குப் புரியும். அவள் வீட்டிலிருந்த எல்லோருக்கும் புரியும். ஆனால் வாயைத் திறந்து சொல்லத்தான் ஆளில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்த வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் தேநீரும் தயாராக இருந்தன. அவளுடைய மாமனார் லைசியாசா அடுக்களை வாசலில் வந்து நின்று வழக்கம்போல ஒருமுறை இருமினார். வசிதி தலையைக் குனிந்துகொண்டு அடுப்புப் பக்கம் நகர்ந்தாள். மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அங்கே வழக்கமில்லை. கோபம் கிடையாது, வெறுப்பும் கிடையாது, அத்தனையும் மரியாதை. அந்த வீட்டுக்கு அவள் வாழ வந்து ஐந்து வருஷத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நடுவில் நாத்தனார் கெலேரா இருந்தாள், வண்டி ஓடியது.

"கெலேரா" என்றார் லைசியாசா, மகளைப் பார்த்து. "இன்னைக்காவது அந்த மேனேஜர்கிட்ட விஷயத்தைச் சொல்லிடச் சொல்லு."

வசிதி இரண்டு முழ தூரத்தில்தான் நின்றிருந்தாள். கெலேரா ஒரு கிழங்குத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு சாவகாசமாகத் திரும்பினாள்.

"அண்ணி, அப்பா சொல்றார்..."

"கேட்டுச்சு."

"கேட்டாலும் நான்தானே சொல்லணும், அதுக்குத்தானே எனக்குச் சோறு போடறீங்க. மேனேஜர்கிட்ட விஷயத்தைச் சொல்லிடுவியாம்."

"என்னன்னு சொல்றது? என் வரிசையில நிக்கிறவர் என் மாமனார், அவர்கூட நான் பேசக் கூடாதுன்னா? ஒரு ஆளோட பேசத் தெரியாதவளுக்குத் தலைவி வேலை எதுக்குன்னு கேக்க மாட்டாரா?"

கெலேரா அப்பாவைப் பார்த்தாள். "சொல்ல மாட்டாளாம் அப்பா."

லைசியாசா தேநீரைக் குடித்து முடித்தார். முழங்கால் வலியோடு எழுந்து பேருந்துக்குப் புறப்பட்டார். இருபத்தாறு வருஷம் அந்தக் கூடத்தில் வேலை பார்த்தவர் அவர். பாதிக்கு மேல் விமானத்துக்குச் சாப்பாடு ஏற்றும் லாரியில்தான். முழங்கால் மக்கர் செய்ததும் வரிசைக்கு மாற்றினார்கள். இப்போது அந்த லாரியை ஓட்டுவது அவர் மகன் செமி, வசிதியின் கணவன்.

காலை பத்து மணிக்கு முர்ரே ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். பிரிஸ்பேனிலிருந்து வந்து நான்கு மாதம் ஆன மனிதர். நல்ல மனிதர்தான், சந்தேகமில்லை. எல்லோருடைய பிறந்தநாளும் அவருக்கு மனப்பாடம். ஆனால் எதையும் ஒரு படமாக வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சுவரில் ஒட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

"சிட்னியில பனிமூட்டம். அங்க இறங்க வேண்டிய பெரிய விமானம் ஒண்ணு இங்க இறங்கியிருக்கு. பனி விலகிடுச்சாம், ஒரு மணிக்குக் கிளம்பறாங்க. இருநூத்து எண்பத்தாறு சாப்பாடு வேணும். முதல் ரெண்டு வரிசையும் நம்ம வழக்கமான விமானங்களுக்கு ஓடுது. உங்களால முடியுமா வசிதி?"

எப்படி முடியாது என்பது? அவள் தலைக்கு மேல் மஞ்சள் துணி ஆடிக்கொண்டிருக்கிறது.

"எப்ப லாரி ஏறணும்?"

"பன்னிரண்டரை. ஒரு நிமிஷம் தாண்டினாலும் வேற இடத்துல வாங்கிக்கறோம்னு சொல்லிட்டாங்க." முர்ரே குரலைத் தாழ்த்தினார். "வசிதி, இதை நேரத்துக்கு அனுப்பிட்டா இந்தத் துணியை நானே கழட்டறேன். அனுப்பலைன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

அவர் போய்விட்டார். வசிதி கைதட்டினாள். வரிசை ஓடத் தொடங்கியது.

தொடங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். ஓடியது என்று சொன்னால் பொய். முதல் ஆள் தட்டை வைப்பார், அடுத்தவர் காய்கறிக் கிண்ணம், அடுத்தவர் ரொட்டி, வெண்ணெய், இனிப்பு, குவளை, கரண்டிப் பொட்டலம் என்று கைமாறிக் கைமாறிக் கடைசியில் லைசியாசாவிடம் வரும். அவர் சரிபார்த்து வண்டியில் ஏற்றுவார். ஒரு வண்டிக்கு இருபத்தெட்டுத் தட்டு. ரொட்டி தீர்ந்தால் ரொட்டிக்காரர் பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் ரொட்டிக்கு நின்றவள் அகனிசி. அவளுக்குப் பக்கத்தில் வெண்ணெய்க்கு நின்றவன் பிலிமோனே, அவளுடைய சித்தப்பா மகன். அதாவது அண்ணன் முறை. அந்த ஊர் வழக்கப்படி அண்ணனும் தங்கையும் வளர்ந்த பிறகு பேசிக்கொள்ள மாட்டார்கள், பக்கத்தில் உட்காரவும் மாட்டார்கள். அகனிசி ரொட்டி தீர்ந்ததும் கையை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பாள். பிலிமோனே கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். யாராவது கவனிக்கும்வரை தட்டுகள் வெறும் வயிற்றோடு காத்திருக்கும்.

இந்த இடங்களை ஒதுக்கியவர் முர்ரே. வந்த முதல் மாதம் குறிப்பேட்டோடு வரிசை வரிசையாக நின்று கவனித்தார். யாரெல்லாம் ஒருவரையொருவர் கேலி செய்து சத்தமாகச் சிரிக்கிறார்களோ அவர்களைப் பிரித்தார். யாரெல்லாம் பக்கத்தில் இருந்தும் வாய் பேசாமல் வேலை செய்கிறார்களோ அவர்களைச் சேர்த்து நிற்க வைத்தார். 'பேச்சு குறைந்தால் வேலை கூடும்' என்று தலைப்பு போட்டு, படம் வரைந்து, உறை போட்டு ஒட்டிவிட்டார். மூன்றாம் வரிசையின் நெதானியும் வைசாகேயும் மாமன் மகன், அத்தை மகன். மச்சான்கள். பார்த்த இடத்திலெல்லாம் ஒருவன் காலை ஒருவன் வாருவது அவர்கள் பிறப்புரிமை. இப்போது நெதானி வரிசையின் இந்தக் கோடியில், வைசாகே அந்தக் கோடியில்.

வசிதி அந்தப் படத்தை முதல் நாள் பார்த்தபோதே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. புது அட்டை சட்டையில் பளபளத்துக்கொண்டிருந்தது. சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்குத்தான் மூன்று மாதமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

பதினொரு மணிக்கு, அதே வரிசையின் நடுவில் நின்ற கெலேராவின் விரல் ஒரு அலுமினிய மூடியில் கிழிந்தது. சமையல் கூடத்தில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் அந்த ஆள் உடனே வெளியே போக வேண்டும், அது சட்டம்.

"அண்ணி, நான் நர்ஸ்கிட்ட போயிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் அப்பாகிட்ட ஏதாவது சொல்லணும்னா மனசுக்குள்ள சொல்லிக்கோ."

"விளையாடாதே, சீக்கிரம் வா."

அவள் போனதும் வரிசையின் தலைக்கும் வாலுக்கும் இடையே இருந்த ஒரே நூல் அறுந்துபோனது.

பதினொன்று நாற்பதுக்கு ஆறு வண்டிகள் நிறைந்திருந்தன. வசிதி கணக்குப் போட்டாள். இன்னும் நூற்றுப் பதினெட்டுத் தட்டுகள். ஐம்பது நிமிஷம். இந்த வேகத்தில் போனால் முடியாது என்று தெரிந்தது. அவள் நிமிர்ந்து வரிசையின் கடைசியைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

லைசியாசா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அவர் முன்னால் தட்டுகள் குவிகின்றன. ஏழாவது வண்டி கதவைத் திறந்துகொண்டு காலியாக நிற்கிறது. அவர் ஒரு தட்டைக்கூடத் தொடவில்லை. வண்டியையே முறைத்துக்கொண்டிருக்கிறார்.

வசிதிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. காலையில் சொன்னதைக் கேட்கவில்லை என்பதற்காக இப்படிப் பழிவாங்குகிறாரா? இத்தனை பேர் முன்னால்? என்ன ஆச்சு என்று கேட்க வேண்டும். அவளால் கேட்க முடியாது. வேறு யாரையாவது அனுப்பிக் கேட்கலாம். ஆனால் வீட்டாள் அல்லாத ஒருவர் மூலம் மாமனாரிடம் 'ஏன் வேலை செய்யவில்லை' என்று கேட்பதைவிட அவரைக் கன்னத்தில் அறைவது மேல். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உண்மையில் லைசியாசாவுக்கும் அதே தவிப்புதான். மகள் இல்லை. பக்கத்தில் நிற்கும் வைசாகே வெளியூர்க்காரன். அவனிடம் சொல்லி அனுப்பினால், மருமகள் தப்பு செய்துவிட்டாள் என்று அவரே ஊரறிய முரசு கொட்டியதாகும். குழுத்தலைவியின் மானமும் அவர் வீட்டு மானமும் ஒன்றுதானே. மூன்று நிமிஷம் கையைக் கட்டி யோசித்தார். நான்காவது நிமிஷம் கையை அவிழ்த்தார். காலி வண்டியின் தலையில் டொக் டொக் என்று இரண்டு தட்டு தட்டினார்.

"ஏ தள்ளுவண்டி" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும் குரலில். "உன்கிட்டதான் பேசறேன். நல்லாக் கேட்டுக்கோ."

வரிசையில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின.

"உன்மேல தப்பு இல்ல. உன்னை யாரும் தப்பா அனுப்பவும் இல்ல. அந்தக் காகிதத்துல சாப்பாட்டுக் கணக்குதான் போட்டிருக்கான், விமானம் எந்த மாதிரின்னு போடல. இன்னைக்கு வந்திருக்கற அந்தக் கம்பெனி விமானம் வருஷத்துக்கு ஒரு தடவைகூட இங்க வராது. ஆனா நான் லாரியில இருந்தப்ப ஏத்தியிருக்கேன், இப்பதான் ஞாபகம் வந்தது. முன்பக்கத்து அறையில உன்னை மாதிரி நெட்டை வண்டி அஞ்சு போகும். பின்பக்கத்து அறையில நீ நுழையவே முடியாது. அங்க குட்டை வண்டிதான். உன்னை ஏத்தி அனுப்பினா கதவுகிட்ட நிறுத்தி, திருப்பி அனுப்பிடுவான். புரியுதா?"

வண்டி பதில் சொல்லவில்லை. நெதானி ஒரு கணம் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நின்றான். அப்புறம் அவனுக்குச் சிரிப்பு வெடித்தது.

வசிதிக்குச் சிரிப்பு வரவில்லை. பழிவாங்கல் இல்லை. கையைக் கட்டி நின்றது அவளைக் காப்பாற்ற வழி தேடித்தான். பக்கத்தில் பனிக்கட்டி நிறைந்த பெரிய தொட்டி ஒன்று நின்றது. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐஸ் தொட்டியே" என்றாள். "அந்தத் தள்ளுவண்டிகிட்ட மரியாதையா ஒண்ணு கேட்டுச் சொல்லு. குட்டை வண்டி எத்தனை வேணுமாம்?"

கூடமே கொல்லென்று சிரித்தது. அகனிசி இடுப்பில் கட்டிய வேலைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். லைசியாசாவின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

"பதினொண்ணு" என்றார் வண்டியிடம். "ஒண்ணுக்குப் பதினாலு தட்டு. ஆறாவது நெட்டை வண்டியைப் பிரிச்சு ரெண்டு குட்டையில போட்டா, மிச்சம் ஒன்பது. ஆனா குட்டை வண்டி எங்க கிடக்குதுன்னு எனக்குத் தெரியாது. பார்த்து ரொம்ப நாளாச்சு."

"எனக்குத் தெரியும்" என்றாள் வசிதி ஐஸ் தொட்டியிடம். "கழுவற ரூம்ல, பெரிய மிஷினுக்குப் பின்னாடி. ஆறு வருஷம் அதுங்க மூஞ்சியிலதான் முழிச்சேன்."

அப்போதுதான் முர்ரே உள்ளே நுழைந்தார். வரிசை நின்றிருக்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், அவருடைய மூத்த தொழிலாளி ஒரு வண்டியோடு உரையாடுகிறார், அவருடைய குழுத்தலைவி ஒரு தொட்டிக்குப் பதில் சொல்கிறாள். மனிதர் வெலவெலத்துப் போனார். நல்லவேளையாக கெலேரா விரலில் பெரிய கட்டோடு அவர் பின்னாலேயே வந்து சேர்ந்தாள்.

"அவர் யார்கூடப் பேசறார்?" என்றார் முர்ரே.

"தள்ளுவண்டிகூட."

"அது தெரியுது. ஏன்?"

"மருமககூடப் பேசக் கூடாதில்ல, அதனால."

"மருமகளா? யார் அது?"

"அதோ, ஐஸ் தொட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாளே, அவதான்."

வசிதி நேராக முர்ரேவிடம் வந்தாள். ஐந்து வருஷ மௌனமும் மூன்று மாதப் பயமும் ஒன்றாக உடைந்த வேகம் அவள் நடையில் இருந்தது.

"முர்ரே, உங்ககிட்ட நான் முதல் நாளே சொல்லியிருக்கணும். சொல்லல, என் தப்பு. நீங்க ஒட்டியிருக்கிற படம் தலைகீழா இருக்கு. எங்கள்ல பேசாம நிக்கிறவங்க அமைதியா வேலை பாக்கிறவங்க இல்ல, பேசக் கூடாத முறை உள்ளவங்க. நீங்க பிரிச்சு வச்ச கேலிக்காரங்கதான் ஒருத்தருக்கொருத்தர் போட்டி போட்டு வேலை செய்யறவங்க. எனக்கு நாப்பது நிமிஷம் குடுங்க. இந்த நாப்பது நிமிஷத்துக்கு அந்தப் படம் வேண்டாம்."

முர்ரே படத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தானே போய்ச் சுவரிலிருந்து அந்த உறையைப் பிய்த்து எடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய மற்ற எல்லாப் படங்களையும் மன்னிக்கலாம்.

வசிதி திரும்பி நின்றாள். "எல்லாரும் கேளுங்க. மச்சானுக்கு எதிரே மச்சான் நில்லுங்க. நாத்தனாருக்கு எதிரே நாத்தனார். அண்ணன் தங்கச்சி முறை உள்ளவங்க இந்தக் கோடிக்கு ஒருத்தர், அந்தக் கோடிக்கு ஒருத்தர். சீக்கிரம்."

வேறு எங்கேயாவது இதைச் சொல்லியிருந்தால் அரைநாள் குழப்பம் ஆகியிருக்கும். இங்கே இருபது நொடி. யார் யாருக்கு என்ன முறை என்பது அவர்களுக்கு அவரவர் பெயரைப்போலத் தெரியும். அகனிசி வரிசையின் தலைக்கு ஓடினாள், முகத்தில் அவ்வளவு நிம்மதி. பிலிமோனே வாலுக்கு வந்தான். நெதானியும் வைசாகேயும் மூன்று மாதப் பிரிவுக்குப் பிறகு மேஜைக்கு இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்றார்கள்.

"வா மச்சான்" என்றான் நெதானி. "உன் கை இன்னும் வேலை செய்யுதா, இல்ல மூணு மாசத்துல துருப்பிடிச்சுப் போச்சா?"

"உங்க ஊர்க்காரன் ஒருத்தன் படகு தள்ளினா அலையே அலுத்துப்போய்த் திரும்பிடும். நீ என் கையைப் பத்திப் பேசறியா? எண்ணிக்கோ, ஒண்ணு."

"ரெண்டு, மூணு. நீ இன்னும் ஒண்ணுலயேதான் இருக்கே."

தட்டுகள் பறந்தன. ரொட்டி தீருமுன்பே நான்கு குரல்கள் ரொட்டி கேட்டன. ஒருத்தி நாத்தனாரின் குவளைகளை எண்ணி, "ஒண்ணு குறையுது, உன் கல்யாண விருந்து மாதிரி" என்றாள். அதற்கு வந்த பதிலை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. சிரிப்புச் சத்தம் கேட்டு இரண்டாம் வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கழுவும் அறையிலிருந்து வசிதியின் பழைய தோழிகள் மூவர் நீராவி பறக்கக் குட்டை வண்டிகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். லைசியாசா ஒவ்வொன்றையும் துடைத்து, தட்டுகளைச் சரிபார்த்து அடுக்கினார். அவர் கை ஒரு நொடி நிற்கவில்லை.

"தள்ளுவண்டி, இதுல ரெண்டு கரண்டிப் பொட்டலம் இல்லைன்னு சொல்லு."

"ஐஸ் தொட்டியே, வந்துட்டே இருக்குன்னு சொல்லு."

கெலேரா கட்டுப் போட்ட விரலோடு சாப்பாட்டைத் தொடக் கூடாது. வசிதி அவள் கையில் ரேடியோவைத் திணித்தாள். "லாரியைக் கூப்பிட்டு நேரத்தைச் சொல்லிக்கிட்டே இரு."

கெலேரா ரேடியோவைப் பார்த்து விழித்தாள். "அண்ணி, லாரியில இருக்கறது என் அண்ணன்."

"அதனாலென்ன, லாரிகிட்ட பேசு."

கெலேரா ஒரு பெருமூச்சு விட்டுப் பொத்தானை அழுத்தினாள். "லாரிக்குத் தகவல். குட்டை வண்டி நாலு ரெடி."

எதிர்ப்பக்கம் கரகர சத்தம் கேட்டது. அப்புறம் செமியின் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "லாரி கேட்டுக்கிட்டிருக்கு. லாரி என்ன கேக்குதுன்னா, அதோட டிரைவர் பொண்டாட்டி இன்னும் அழுதுக்கிட்டிருக்காளா, சிரிக்கறாளான்னு."

"சிரிக்கறா. டிரைவரை ஒழுங்கா வாசல்ல ஒட்டி நிறுத்தச் சொல்லு."

பன்னிரண்டு பதினைந்துக்கு ஏழு குட்டை வண்டிகள். இருபதுக்கு ஒன்பது. இருபத்தைந்துக்குப் பத்து. கடைசி வண்டிக்கு ஆறு தட்டு மட்டும் வேண்டும் என்ற நிலையில் இனிப்புக் கிண்ணம் தீர்ந்துபோனது. முதல் வரிசையிலிருந்து ஒரு பெண் தன் மேஜையிலிருந்து ஆறு கிண்ணங்களை எடுத்துக்கொண்டு, கேட்காமலே ஓடிவந்து வைத்தாள். முதல் வரிசையும் மூன்றாம் வரிசையும் அந்த மஞ்சள் துணிக்காக நேற்றுவரை ஒருவரையொருவர் நிமிர்ந்தும் பார்க்காதவர்கள். முர்ரே அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

பன்னிரண்டு இருபத்தொன்பதுக்குக் கடைசி வண்டியின் கதவை லைசியாசா சாத்தி முத்திரையை அழுத்தினார். செமி லாரியை எடுத்தான். வரிசை முழுக்க வாசலுக்கு ஓடிப்போய் நின்றது. தூரத்தில் லாரியின் பெட்டி மெல்ல மெல்ல உயர்ந்து விமானத்தின் பின்கதவைத் தொட்டது. ஒரு குட்டை வண்டி உள்ளே போனது. இன்னொன்று போனது. எதுவும் திரும்பி வரவில்லை.

கெலேராவின் கையிலிருந்த ரேடியோ கரகரத்தது. "லாரி சொல்லுது, எல்லாம் கச்சிதமா உக்காந்துடுச்சு."

நெதானி வைசாகேவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். வசிதி சுவரில் சாய்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் ரொட்டிச் சுருளைக் கடித்துக்கொண்டிருந்தபோது, முர்ரே முக்காலியைக் கொண்டுவந்தார். ஏறி மஞ்சள் துணியை அவிழ்த்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது இனிமே எந்த வரிசைக்கும் கிடையாது. எந்தக் குழுவையும் கலைக்கப் போறதில்ல. குழுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க ஏற்கெனவே குழுவா இருந்தீங்க. நான்தான் உங்களை அடுக்கி வைக்கறேன்னு கலைச்சுட்டேன்."

கைதட்டல் அடங்குவதற்குள் அவர் அடுத்ததையும் சொல்லிவிட்டார். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். நல்ல மனிதர்கள் ஒரு நல்ல காரியத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை.

"திங்கட்கிழமையிலிருந்து மூணு வரிசைக்கும் வசிதிதான் பொறுப்பு. விமானங்களைப் பத்தி லைசியாசாவுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது, அதனால அவங்களுக்குத் துணையா அவர். மேல இருக்கிற கண்ணாடி ரூமை ரெண்டு பேருக்கும் குடுக்கறேன். ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, அவ்வளவுதான் அதுல இடம். பேசறதுக்கு வழிதான் கண்டுபிடிச்சாச்சே." அறைச் சாவியை லைசியாசாவின் கையில் வைத்து, தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வைசாகேகூட ஒரு கேலியும் சொல்லவில்லை. அத்தனை பேர் நடுவே தொட்டியோடும் வண்டியோடும் பேசுவது ஒன்று. ஒரு மேஜைக்கு இரண்டு பக்கமும், நாள் முழுக்க, முகத்துக்கு முகம் உட்காருவது வேறு. அதுவும் ஊரே அண்ணாந்து பார்க்கும் கண்ணாடி அறையில். லைசியாசா உள்ளங்கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். வசிதி கையிலிருந்த ரொட்டிச் சுருளைக் காகிதத்தில் திரும்பச் சுற்றினாள்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. எல்லோரும் பேருந்துக்குப் போய்விட்டார்கள். வசிதி தாள்களை எடுத்து வைத்துவிட்டு ஏற்று மேடைக்கு வந்தாள். மேடையின் மறு கோடியில் லைசியாசா நின்றிருந்தார். கழுவி வைத்த ஒரு குட்டை வண்டி அவர் முன்னால் இருந்தது. அவள் வந்தது அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

"வண்டி" என்றார். காலையில் இருந்த உரத்த குரல் இல்லை. "இருபத்தாறு வருஷமா இந்த இடத்துல நிக்கறேன். ஒரு வரிசை இன்னைக்கு ஓடின மாதிரி ஓடி நான் பார்த்ததில்ல. அதை நடத்தினது எங்க வீட்டுப் பொண்ணு. அஞ்சு வருஷமா அவ போட்ட டீ நல்லா இருக்குன்னுகூட என்னால சொல்ல முடியல. அதையும் சேர்த்துச் சொல்லிடு."

வசிதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ரூம் அவளோடது. நான் வரதும் வராததும் அவ இஷ்டம். வேண்டாம்னா வரிசையிலேயே நின்னுக்கறேன், மேனேஜர்கிட்ட முழங்கால் வலின்னு நானே சொல்லிடுவேன், அவ பேர் வராது. வரச் சொன்னா வரேன். ஊர்ல ஏதாவது பேசினா பதில் சொல்ல வேண்டியது நான்."

அவர் சாவியை வண்டியின் தலையில் வைத்தார். மெதுவாக ஒரு தள்ளு தள்ளினார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் பேருந்தை நோக்கி நடந்தார்.

வண்டி தரையில் உருண்டு வந்து வசிதியின் கால்விரலில் இடித்து நின்றது. சாவி விழவில்லை.

"அண்ணி" என்று கெலேரா வாசலிலிருந்து கூப்பிட்டாள். "பஸ் வந்துடுச்சு. அந்த வண்டி என்ன சொல்லுது?"

வசிதி சாவியைத் தொடவில்லை. வண்டியைத் திருப்பித் தள்ளவும் இல்லை. அதன் கைப்பிடியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு, படியிறங்கிப் போகிற அந்த நொண்டி நடையைப் பார்த்தபடி, ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, வாய்க்குள் ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள்.

"மாமா."